முழங்கைக்கு ஒரு குழி

போபோடியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஒருவனோடு நான் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. அவனும் நானும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். எங்கள் இருவரின் அப்பாக்களும் பிழைப்புக்காக இந்த மராத்தி ஊருக்கு வந்து, வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஒரே ஷிஃப்டில் சைக்கிள் மிதித்தவர்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக வந்து, மாப்பிள்ளையைவிட நன்றாக உடுத்திக்கொண்டு நின்றவன். அவன் எனக்குச் செய்ததைத் துரோகம் என்று இதுவரை இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருமே முழுக் கதையையும் கேட்டுவிட்டு என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் சொல்வதை நிறுத்தப் போவதில்லை.

எல்லாம் ஒரு ஆர்ம்ரெஸ்ட்டால் வந்தது. காரில் முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில், கியர் போடுகிற கை சற்று ஓய்வெடுக்க ஒரு கட்டை இருக்குமே, அதுதான். விலை கூடிய கார்களில் கம்பெனியே வைத்துத் தருகிறது. எங்கள் காரில் அந்த இடத்தில் ஹேண்ட்பிரேக்கும் இரண்டு டம்ளர் வைக்கிற பள்ளமும் மட்டும்தான். எங்கள் கார் என்று சொல்கிறேனே தவிர, அது என் மனைவியின் கார். முப்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் ஆசிரியர் சம்பளத்தில் அவள் வாங்கியது. நாங்கள் குடியிருக்கும் ஔந்திலிருந்து ஹடப்சரில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். திருச்சியிலிருந்து வந்த புதிதில் பால்காரரிடம் இந்தியில் பேசவே என்னைக் கூப்பிட்டவள், பிறகு சிக்னலில் குறுக்கே வரும் ஆட்டோக்காரர்களை மராத்தியில் ஏசுகிற அளவுக்கு வந்தாள் என்றால் அதற்கு அந்தக் கார்தான் காரணம்.

அவள் கை ஒடிந்தது காரில் அல்ல, என் ஸ்கூட்டரில்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போபோடியில் என் சித்தப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். பருவத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டில் அது வரை காய்ந்து கிடந்த எண்ணெயெல்லாம் மேலே மிதந்த நேரம். ஸ்கூட்டரின் கைப்பிடியில் போனைச் செருக ஒரு தாங்கி வைத்திருந்தேன். வழி பார்ப்பதற்கென்று வாங்கியது. போபோடிக்கும் ஔந்துக்கும் நடுவில் எனக்கு என்ன வழி தெரியாது? அதில் நான் பார்த்தது கிரிக்கெட் ஸ்கோர். கடைசி இரண்டு ஓவர். திரையில் மழைத்துளி இருந்ததால் விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தபோது முன்னால் ஒரு டெம்போ நின்றிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன், வண்டி படுத்தது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவள் இடது முழங்கையை ஊன்றி விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது அவளுடைய அண்ணன் திருச்சியிலிருந்து போன் செய்தார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைக்கிற மனிதர். "எப்படி ஆச்சு?" என்று அவர் கேட்ட தொனியிலேயே பதிலும் அவரிடம் தயாராக இருப்பது தெரிந்தது. "நாய் குறுக்கே வந்துடுச்சு மச்சான்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். என் நாயும் வளர்ந்தது. எலும்பு டாக்டரிடம் சொல்லும்போது அதற்குப் பழுப்பு நிறம் வந்தது. அலுவலகத்தில் சொல்லும்போது குட்டி நாயாகிவிட்டது, அதைக் காப்பாற்றப் போய்த்தான் விழுந்தோம் என்றும் ஆயிற்று. என் மனைவி என் முதுகுக்குப் பின்னால் இருந்தவள், எதையும் பார்க்கவில்லை. ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் அவளுக்கு நான் சொன்னதுதான் நடந்தது. விசாரிக்க வருகிறவர்களிடம் அவளே எனக்காகப் பேசினாள். "அவர் என்ன பண்ணுவார் பாவம், நாய் மேல ஏத்த முடியுமா? அதுவும் உயிர்தானே" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்தச் சோற்றை அவளே பரிமாறியது போல இருக்கும் எனக்கு. ஆனாலும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லலாம், கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. போனைப் பார்த்தது ஒன்று, பொய் சொன்னது இன்னொன்று.

முழங்கைக்குள் தகடு வைத்தார்கள். ஒரு வருஷம் பயிற்சி செய்தும் கை முழுதாக நீளவில்லை. தகட்டின் ஒரு திருகு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இன்னொரு முறை அறுக்க விடமாட்டேன் என்றாள் அவள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். காரை ஓட்ட இரண்டு முறை முயன்றாள். கியர் மேல் கை வைத்தால் முழங்கை அந்தரத்தில் தொங்கியது, நான்கு சிக்னலுக்குள் தோள்பட்டை வரை வலித்தது. கடையில் விற்கிற ஆர்ம்ரெஸ்ட் ஒன்றை வாங்கி மாட்டினேன். அது தட்டையாக இருந்தது. திருகு சரியாக அதன் மேல் உட்கார்ந்ததும் "ஐயோ" என்று கையை எடுத்துக்கொண்டாள். அன்று மாலை, "காரை வித்துடலாங்க, சும்மா நிக்குது" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவள் மறுபடி ஓட்டியே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. அவள் ஓட்டிவிட்டால் நான் செய்தது பாதியாவது இல்லை என்று ஆகிவிடும் என்பது என் கணக்கு.

நான் பிம்பிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இயந்திரத்தில் ஓர் இரும்புத் துண்டைக் கடையும்போது அது ஆடாமல் இருக்கத் தாங்கிப் பிடிக்கிற சட்டங்களை வரைவதுதான் என் வேலை. இருபது வருஷமாக இரும்பைத் தாங்குகிறவனுக்கு ஒரு முழங்கையைத் தாங்குவது என்ன பெரிய காரியம் என்று இறங்கினேன். பெரிய காரியமாகத்தான் இருந்தது. இரும்பு வலிக்கிறது என்று சொல்லாது.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி முதல் மாதிரி செய்தேன். கீழே நிற்கிற காரில் அவளை உட்கார வைத்து, ஸ்கேலும் பென்சிலுமாக நான் பக்கத்துச் சீட்டில் மண்டியிட்டு அளவெடுப்பேன். காலனி வாட்ச்மேன் எங்களைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருப்பார். "ஜாக்கெட் தைக்கறவன்கூட இவ்வளவு அளவு எடுக்க மாட்டான்" என்பாள். முதல் மாதிரியில் ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினால் கட்டையின் அடியில் இடித்தது. உயர்த்தினேன். இரண்டாவதில் சீட் பெல்ட்டைச் செருகுகிற இடம் கட்டைக்கு அடியில் புதைந்துவிட்டது. பக்கத்தைக் குடைந்தேன். மூன்றாவதைப் பிளைவுட்டில் வெட்டி, பின்பக்கம் இரண்டு விரல் உயர்த்தி, முன்னால் சரிவாக விட்டேன். அவள் கை நீளாது என்பதால் கியரைப் பிடிக்கும்போது முழங்கை உயர்ந்து நிற்கும். அந்த உயரத்துக்குக் கட்டை வந்தால்தான் தாங்கும். மடக்கித் தூக்கி வைக்க நானா பேட் கடைத்தெருவிலிருந்து சோபாவுக்குப் போடுகிற கீல் வாங்கி வந்தேன். எல்லாம் சரியாக வந்தது, அந்தத் திருகைத் தவிர. எத்தனை ஃபோம் வைத்தாலும் பத்து நிமிஷத்தில் அது அமுங்கி, திருகு போய்ப் பலகையைத் தொட்டது. இடத்தை மாற்றி மாற்றிக் குழி தோண்டினேன். ஒரு நூல் தள்ளிப் போனாலும் வலித்தது.

வழி கண்டுபிடித்தது அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று மறுபடி முழங்கையை நீட்டச் சொன்னேன். "அளந்து அளந்தே சாவறீங்க. இந்தாங்க" என்று மாவு உருண்டையைத் தட்டில் தட்டையாக்கி, இடது முழங்கையை அதில் அழுத்தி எடுத்தாள். எலும்பின் வளைவு, தழும்பின் கோடு, முட்டி இறங்கிய இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குழி, அதன் அடியில் திருகின் புள்ளி, எல்லாம் அச்சாக அதில் இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்தாள். "அந்த நாய் மட்டும் வரலேன்னா இந்த மாவுக்கு இந்தக் கதி வருமா?" என்றாள்.

சொல்வதற்கென்று ஒரு நேரம் இருந்திருந்தால் அது அந்த நேரம்தான். அவள் கையெல்லாம் மாவு. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் ஒருவேளை தட்டை என் மேல் எறிந்திருப்பாள், அதோடு முடிந்திருக்கும். "இரு, இது காயறதுக்குள்ள பிளாஸ்டர் வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கணபதி சீசன். பொம்மை செய்கிற ஒரு கொட்டகையில் ஒரு பை பிளாஸ்டர் மாவு கேட்டு வாங்கி வந்து, கரைத்து அந்த அச்சில் ஊற்றினேன். அது இறுகி வந்தபோது என் மனைவியின் முழங்கை வெள்ளையாக என் உள்ளங்கையில் இருந்தது.

அதை வைத்துப் பலகையைக் குடைந்தேன். அளவுகளை மெல்லிய ஹார்ட்போர்டில் வெட்டி டெம்ப்ளேட் ஆக்கினேன். இனி உறை தைக்க வேண்டும். அதற்கு என் நண்பனை விட்டால் யார்?

அவன் கடை போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில். ஓர் அறை, ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்கச் சுருட்டி வைத்த ரெக்ஸின். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற எந்த மாதிரியையும் அவர்கள் கேள்வி கேட்காமல் அப்படியே நகல் எடுப்பார்கள். பழைய உறையைப் பிரித்து விரித்து, அதில் எலி கடித்த ஓட்டை இருந்தால் அதையும் சேர்த்து வரைந்துகொள்வான் என்று நான் அவனைக் கேலி செய்வது உண்டு. "அளவு சாமி மாதிரிடா, கை வெக்கக்கூடாது" என்பான்.

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடா இது, பின்னாடி தூக்கிக்கினு கீது? அரே, நடுவுல இன்னா குழி? எலுமிச்சம்பழம் வெக்கறதுக்கா?"

திருகைப் பற்றிச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்தான். குழியின் உள்ளே தையல் வந்தால் அதுவும் குத்தும், தையலைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லாமலே புரிந்துகொண்டான். அவன் விரல்கள் அந்தக் குழியைச் சுற்றி ரெக்ஸினை இழுத்து இழுத்துப் பதித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாய் எதுவும் வரலடா" என்றேன்.

மெஷின் நின்றது. ஸ்கோர், டெம்போ, மச்சான் போன் செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ரெக்ஸினை ஒரு முறை நீவிவிட்டு, "சர்தான் விடு. வேணும்னா பண்ண? அதான் இவ்ளோ செய்றியே அவங்களுக்கு" என்றான். மெஷின் மறுபடி ஓடியது. பதினான்கு மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கி வைத்துவிட்டேன் என்று இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். டெம்ப்ளேட்டை, "இங்கியே இருக்கட்டும், உறை கிழிஞ்சா தைக்கறதுக்கு ஆவும்" என்று ஆணியில் மாட்டினான். இருக்கட்டும் என்றேன். அதையும் அவனிடம் விட்டேன், இதையும் அவனிடம் விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் காரை எடுத்தாள். முழங்கை குழியில் போய் உட்கார்ந்தது. ஹடப்சர் வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கட்டையை இரண்டு முறை தட்டிக் கொடுத்தாள். "நீங்க போங்க, நானே வந்துடுவேன்" என்றாள். நான் பஸ்ஸில் திரும்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததில்லை. அதற்குப் பின் அவள் ஓட்டுகிற விதத்தில் ஒரே ஒரு மாற்றம். தூரத்தில் நாயைப் பார்த்தாலே காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோய்விடுவாள். பின்னால் ஹார்ன் அடித்தாலும் அது கடந்து போகும் வரை காத்திருப்பாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. அவள் பள்ளிக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தாள், மராத்திப் பெண். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் அந்தப் பெண் என் மனைவியைக் கைபிடித்து அழைத்துப் போய்த் தன் காரில் டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருக்கிறாள். உனக்கும் கையில் பிரச்சினை இருக்கிறதே, இதைப் பார், போபோடியில் ஒரு கடையில் போட்டேன், நீயும் போட்டுக்கொள் என்று. என் மனைவி கையை வைத்தாள். முழங்கை நேராகக் குழிக்குள் இறங்கியது. அந்தப் பெண் அந்தக் குழியில் பெப்பர்மிண்ட் போட்டு வைத்திருந்தாளாம், அதை முதலில் எடுத்து நீட்டிவிட்டுத்தான் கையை வைக்கச் சொன்னாளாம். எதற்கு இந்தக் குழி தெரியுமா என்று கேட்டு, கடைக்காரர் சொன்ன கதையையும் சொன்னாள். ஒரு ஆள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே போனில் மேட்ச் ஸ்கோர் பார்த்தான், பின்னால் இருந்த மனைவிக்குக் கை முறிந்தது, அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக ஆறு மாதம் உட்கார்ந்து அவள் முழங்கைக்காகவே இதை உண்டாக்கினான் என்று. மூன்று மாதத்தை என் நண்பன் ஆறாக்கியிருந்தான். கதையை முடித்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு புருஷன் கிடைக்கணும்" என்றாளாம் அந்த டீச்சர்.

அன்று நான் சீக்கிரம் வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த நாய் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"எந்த நாய்?"

"நம்ம நாய்தான்."

"இடது பக்கம்" என்றேன்.

"அண்ணன்கிட்ட வலது பக்கம்னு சொன்னீங்க."

டீ பொங்கியது. அடுப்பை அணைத்தேன். இரண்டு வருஷம் ஆகிறது, எல்லாம் ஞாபகம் இருக்குமா என்று ஏதோ முனகினேன்.

"அன்னிக்கு யாருக்கும் யாருக்கும் மேட்ச்?" என்றாள்.

அந்தச் சமயத்தில் ஒரு மனிதன் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். காலில் விழலாம். நான் கேட்டது, "யாரு சொன்னது?"

"இப்பவும் அதுதான் கேக்கத் தோணுதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே போய்த் துருவித் துருவிக் கேட்டு, அந்த டீச்சர், அந்தக் கார், அந்தக் கதை எல்லாவற்றையும் வாங்கினேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் போபோடிக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். நம்பினவனைக் கழுத்தறுத்துவிட்டான், கழுத்தை அறுத்ததும் இல்லாமல் அதை ஊருக்கெல்லாம் தமுக்கடித்து விற்றிருக்கிறான்.

கடையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது டெம்ப்ளேட். ஹார்ட்போர்டு நைந்து போயிருக்க வேண்டும், கெட்டி அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வெட்டிப் புதிதாக மாட்டியிருந்தான். அதே பின் உயரம், அதே சரிவு, நடுவில் அதே குழி. தையல் முடிந்த நான்கு கட்டைகள் பெஞ்சில் வரிசையாக இருந்தன. எலி கடித்த ஓட்டையையும் சேர்த்து நகல் எடுக்கிறவன் அல்லவா, என் மனைவிக்கு எங்கே வலிக்குமோ அந்த இடத்தையும் சேர்த்து ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்திருக்கிறான். யார் யாரோ அவள் வலியில் சில்லறையும் பெப்பர்மிண்டும் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து நின்றான். "டேய், உன் பேரச் சொன்னேனா? ஊரச் சொன்னேனா? கஸ்டமர் குழி இன்னாத்துக்குன்னு கேக்கறான், நடந்தத சொன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். கேட்டுட்டு பொம்பளைங்க அழுவறாங்க தெரியுமா?"

"உன்னை நம்பிச் சொன்னேன்டா. அவ காதுக்குப் போயிடுச்சு."

"எந்த அவ?"

"என் வீட்ல."

அவன் முகம் மாறியது. மெதுவாக உட்கார்ந்தான்.

"அவங்களுக்குத் தெரியாதா?" என்றான். "அவங்க கைக்குன்னு செய்ற, இவ்ளோ செய்ற, அவங்கள்ட்ட சொல்லிட்டுத்தான் செய்றன்னு நெனச்சேன். டேய்... பொண்டாட்டிகிட்ட சொல்லாததயா என்கிட்ட வந்து சொன்ன?"

அக்ரிலிக்கை ஆணியிலிருந்து பிடுங்கி முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தேன். அது வளைந்ததே தவிர உடையவில்லை. "குடு, கையக் கிழிச்சிக்கப் போற" என்று அவன் வாங்கிக்கொண்டு, கத்தரியால் அவனே இரண்டு கீறல் போட்டு உடைத்து மூலையில் போட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கட்டையைச் செய்வதில்லை என்று கேள்வி. இரண்டு முறை வீட்டு வாசல் வரை வந்திருக்கிறான். நான் இறங்கிப் போகவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதால் கோபம் போய்விடுமா என்ன? நியாயம் இருக்கிறவன் மேல் வருகிற கோபம்தான் போக மறுக்கிறது.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடக்கும் என்று காத்திருந்தேன். சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சும் தேவைக்கு வந்தது. பத்து நாள் கழித்து நானாகவே அவள் எதிரில் உட்கார்ந்து தப்பு என்னுடையது என்று சொன்னேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினாள்.

"விழுந்ததுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். யாரு வேணா விழலாம். ஸ்கோர் பாத்தேன்னு சொல்லியிருந்தா நாலு நாள் திட்டியிருப்பேன்" என்றாள். பிறகு, "அன்னிக்கு மாவுல கைய வெச்சு நாயப் பத்திச் சொல்லிச் சிரிச்சேன் பாருங்க, அப்பவும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் பேனாவைத் திறந்து அடுத்த நோட்டை எடுத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் கட்டையை மடக்கித் தூக்கி வைத்துவிட்டு ஓட்டுகிறாள். கழற்றச் சொல்லவில்லை. வலிக்குமே என்று முதல் நாள் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள். மாலையில் வந்ததும் தோள்பட்டையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். நான் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கட்டை நிமிர்ந்து நின்றது. மழை விட்டிருந்தது. நாங்கள் விழுந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பழுப்பு நாய் இறங்கிச் சாலையின் நடுவில் வந்து நின்றது. வழக்கம்போல அவள் பிரேக்கில் காலை வைத்தாள். பின்னால் ஹார்ன் அலறியது. கியரின் மேல் அவள் கை இருந்தது, முழங்கை அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கை பரபரத்தது, அந்தக் கட்டையை இறக்கிவிட. இறக்கவில்லை.

நாய் எங்களைப் பார்த்தது, பிறகு தன் போக்கில் நடந்தது.

"மெதுவா போகட்டும்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "ரெண்டு வருஷம் நம்ம பழியச் சொமந்தது அதுதானே."

அது மறு பக்கம் ஏறும் வரை காத்திருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாள்.